160 அடி கம்பிவலை: 1,500 ஏல நாற்றுக்குப் போதுமா?

"சார், கையில 160 அடி கம்பிவலை இருக்கு. 1,500 பை அடுக்கணும். பன்றிக்குப் பயந்து சுத்தி வலை கட்டணும். பத்துமா?"

போடிமெட்டு, குரங்கணி பக்கம் போனால் இந்தக் கேள்வி வராத நாளில்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். 10 அடிக்கு 10 அடி நட்டால் ஏக்கருக்கு 435 செடி. 3 ஏக்கருக்கு 1,305. கழிவுக்கும் பாடுவாசி நிரப்பவும் சேர்த்து 1,500 பை. நடைபாதை உள்பட பைக்கு 1 சதுர அடி என்று வைத்தால், குறைந்தது 1,500 சதுர அடி வேண்டும்.

சுற்றளவு 160 என்றால் நீளமும் அகலமும் சேர்ந்து 80 அடி. ஆகவே,

அகலம் × (80 − அகலம்) ≥ 1,500

இதைத்தான் பள்ளியில் பிள்ளைகள் இருபடி அசமன்பாடு என்று படிக்கிறார்கள். ஒரே பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால்,

(அகலம் − 30) × (அகலம் − 50) ≤ 0

இரண்டைப் பெருக்கி விடை பூஜ்யத்துக்கு மேலே போகக் கூடாது. அதற்கு அகலம் 30 முதல் 50 அடிக்குள் இருக்க வேண்டும். சரிபாருங்கள்: 30 × 50 = 1,500. 40 × 40 = 1,600; இதுவே அதிகபட்சம். 25 × 55 = 1,375; பற்றாது.

இங்கேதான் நான் ஒருமுறை தவறு செய்தேன். "சதுரமாகப் போடுங்கள், இடம் அதிகம் கிடைக்கும்" என்று ஒரு விவசாயியிடம் சொல்லிவிட்டு வந்தேன். மலைச்சரிவில் 40 அடி அகலத்துக்குச் சமதளம் எங்கே இருக்கிறது? அவருக்கு இருந்தது 20 அடிப் படிக்கட்டு நிலம். 20 × 60 = 1,200. முந்நூறு பைக்கு இடமில்லை.

அதற்கும் வழி உண்டு. மேட்டுப் பக்கம் உயரமான கல்கட்டுச் சுவர் இருந்தால் அந்தப் பக்கம் வலை வேண்டாம். மற்ற மூன்று பக்கம் போதும். அப்போது கணக்கு மாறும்:

அகலம் × (160 − 2 × அகலம்) ≥ 1,500

விடை, சுமார் 11 அடி முதல் 69 அடி வரை. 20 அடி அகலம் இதற்குள் வந்துவிடுகிறது. நீளம் 75 அடி போதும். வலை 20 + 75 + 20 = 115 அடி. மீதி 45 அடி கையில்! சுவர் 75 அடி நீளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பன்றி இறங்காமல் சுவர் விளிம்பில் முள் அடைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. டேப்பைச் சரிவோடு படுக்கவைத்து அளக்காதீர்கள். 20 அடி சரிவில் 10 அடி உயரம் ஏறினால், படி வெட்டும்போது கிடைக்கும் அகலம் 17 அடிதான். டேப்பை மட்டமாகப் பிடித்து அளந்து, வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கணக்கைக் கொடுங்கள். வலை வாங்கக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.