திகில் நிகழ்பட விளையாட்டின் முகப்புப் படம்

இணையக் கடையில் ஒரு நிகழ்பட விளையாட்டின் பெயருடன் காட்டப்படும் படம் அதன் முகப்புப் படம் ஆகும். ஓரிருவர் சேர்ந்து சொந்த முயற்சியில் உருவாக்கும் விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் விளம்பரச் செலவுக்குப் பணம் இருப்பதில்லை. முகப்புப் படம் கண்ணில் படாவிட்டால், பல மாத உழைப்பும் வீணாகலாம். இந்தியத் திகில் விளையாட்டான 'கமலா' போன்றவை விற்கப்படும் ஸ்டீம் கடையில் ஆயிரக்கணக்கான படங்கள் போட்டியிடுகின்றன.

அளவும் விதியும்

ஸ்டீம் ஒரே விளையாட்டுக்குப் பல அளவுகளில் படம் கேட்கிறது. வாங்கியவரின் நூலகப் பக்கத்துக்கு 600 × 900 பிக்சல். பட்டியல்களுக்கு 462 × 174 பிக்சல். பெரிய படத்தை அப்படியே சுருக்கினால் பெயரை வாசிக்க முடியாது. சிறியதைத் தனியே அமைக்க வேண்டும். 2022 செப்டம்பர் முதல் இப்படங்களில் விமர்சன மதிப்பெண், விருதுப் பெயர், தள்ளுபடி அறிவிப்பு ஆகியவற்றைச் சேர்க்க அனுமதி இல்லை.

அமைக்கும் முறை

திண்டுக்கல்லில் நடக்கும் ஒரு பேய்க்கதையை எடுத்துக்கொள்வோம். மலைக்கோட்டை, நிலவு, வௌவால், பேய் என அனைத்தையும் வரைந்தால் சிறிய அளவில் கருந்திட்டாகத்தான் தெரியும். மாறாக, பெரிய திண்டுக்கல் பூட்டு தொங்கும் ஒரு கதவை வரையலாம். கதவின் அடியில் கசியும் வெளிச்சத்தில் இரு கால்களின் நிழல். வெளியே பூட்டியிருக்க, உள்ளே நிற்பது யார்? இக்கேள்வியே பார்ப்பவரை உள்ளே அழைக்கும்.

வரைந்த படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கருப்பு வெள்ளையாக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் உருவமும் பெயரும் தெளிவாகத் தெரிந்தால் படம் தேறியது.

படம் பொய் சொல்லவும் கூடாது. மெல்ல நகரும் கதைக்கு இரத்தக் கத்தியை வரைந்தால் வாங்கியவர் ஏமாறுவார். வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெறலாம்.