வயர்லெஸ்ஸில் படை நடத்திய பிரிகேடியர்

டாங்கிப் போர் என்றதும் ஜெர்மானியர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். 1934-இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் நடந்ததையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். முதல் டாங்கி பிரிகேடு நிரந்தரப் படையானது அந்த ஆண்டில். அதன் தலைவர் பிரிகேடியர் பெர்சி ஹோபார்ட். நைனிதாலில் பிறந்தவர், வங்காள சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் பணியாற்றி 1923-இல் டாங்கிப் படைக்கு மாறியவர்.

டாங்கி என்றால் காலாட்படைக்கு எடுபிடி என்றே பல தளபதிகள் எண்ணிய காலம் அது. நடக்கும் சிப்பாயின் வேகத்துக்கு ஊர்ந்தால் போதும், கட்டளைக்குக் கொடி. புழுதி கிளம்பினால் கொடி எங்கே தெரியும்? டாங்கிப் படை அதிகாரி சார்லஸ் பிராட் 1931-இலேயே வயர்லெஸ்ஸைச் சோதித்துப் பார்த்திருந்தார். அதை முழு பிரிகேடின் அன்றாடப் பழக்கமாக்கியவர் ஹோபார்ட். ஓடும் டாங்கிக்குள்ளிருந்து அவர் பேசுவார். பட்டாலியன்கள் திசை திரும்பும். எதிரியின் முன்வரிசையோடு மல்லுக்கு நிற்காமல், சுற்றிப் போய் அவன் பின்புலத்தை அடிப்பது, இரவில் நகர்வது எல்லாம் இதனால்தான் கைகூடின. பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தந்த விசித்திர டாங்கிகளைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த ஒத்திகையில், நடுவர்களின் கட்டுப்பாடுகள் டாங்கிகளின் கையைக் கட்டிப்போட்டன. பயிற்சியில் கிடைத்த அந்தத் தோல்வி, மாற்றத்தை விரும்பாதவர்களுக்கு வசதியான சாட்சியானது. ஹோபார்ட்டும் லேசானவர் அல்ல. மேலதிகாரி என்பதற்காக வாயை மூடிக்கொள்ளத் தெரியாதவர்.

1938-இல் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். பழைய வண்டிகளையும் போதாத உதிரி பாகங்களையும் வைத்துக்கொண்டே பாலைவனத்தில் ஒரு கவசப் படையைப் பழக்கி எடுத்தார். அதுவே பிறகு 7-ஆவது கவச டிவிஷன். ஆனால், உடன் பணியாற்ற முடியவில்லை என்று எகிப்தில் அவருக்கு மேலதிகாரியான ஜெனரல் வில்சன் எழுத, மத்திய கிழக்கின் தலைமைத் தளபதி வேவல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். 1940-இல் ஹோபார்ட், சிப்பிங் காம்ப்டன் என்ற சிற்றூரின் உள்ளூர்க் காவல் படையில் லான்ஸ் கார்ப்போரல்! மேஜர் ஜெனரலாக உயர்ந்திருந்த ஒருவருக்கு நேர்ந்த அநீதி என்றுதான் இதைச் சொல்வேன். அதே குளிர்காலத்தில் அவர் பழக்கிய டிவிஷன், லிபியாவில் இத்தாலியப் படையைச் சுற்றி வளைத்து பேடா ஃபோம்மில் வழிமறித்தது.

சர்ச்சில் அவரை மீண்டும் அழைத்தார். 11-ஆவது கவச டிவிஷனை உருவாக்கிவிட்டு, 1942-இல் 79-ஆவது கவச டிவிஷனுக்குப் பொறுப்பேற்றார். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில், சுழலும் சங்கிலிகளால் கண்ணிவெடிகளை அடித்து வெடிக்கவைத்தபடி காலாட்படைக்கு வழி திறந்த விசித்திர டாங்கிகள் அந்த டிவிஷனுடையவை.