உங்கள் கதைக்கு என்ன சாட்சி?

தண்ணீர் வராத வாய்க்காலும் தரிசாகக் கிடக்கும் வயலும் டெல்டாவில் எல்லார் வீட்டுக் கதையும்தான். 2014 தீபாவளிக்கு வெளியான ‘கத்தி’, தன் ‘தாகபூமி’ குறும்படத்தின் கதை என்று கூறி அன்பு ராஜசேகர் தஞ்சாவூர் நீதிமன்றப் படியேறினார். பெரிய நிறுவனத்தின் மீது வழக்கு என்றால் சென்னைக்குத்தான் அலைய வேண்டும் என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உரிமையாளர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க, பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

ஆனால் எதற்கு உரிமை கேட்கிறோம் என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். விவசாயி தண்ணீருக்குப் போராடுகிறார் என்ற கரு யாருக்கும் தனிச்சொத்து அல்ல. கருவுக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று வழக்காடிய ஆனந்த் அதில் தோற்றார். காட்சிகளின் அடுக்கு, பாத்திரங்கள், திருப்பங்கள், வசனம் ஆகியவை பெருமளவு ஒத்துப்போனால்தான் வழக்கு நிற்கும்.

ஆரூர் தமிழ்நாடனின் ‘ஜூகிபா’ கதை 1996இல் ‘இனிய உதயம்’ இதழில் அச்சானது. 2010இல் ‘எந்திரன்’ படம் வந்ததும், அது தன் கதை என்று அவர் வழக்குப் போட்டார். அச்சில் வந்த கதை கையில் இருந்தும் அவருடைய உரிமையியல் வழக்கு 2023இல் தள்ளுபடியானது. அவருடைய புகாரின் அடிப்படையில் 2025இல் அமலாக்கத் துறை, படத்தின் இயக்குநர் ஷங்கரின் 10.11 கோடி ரூபாய் சொத்தை முடக்க, உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஓர் எழுத்தாளர் இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

‘சர்கார்’ விவகாரம் வேறு மாதிரி முடிந்தது. வருண் ராஜேந்திரன் தன் ‘செங்கோல்’ கதையை 2007இலேயே எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். 2018இல் படம் வெளியாகும் முன்பே சமரசம் ஏற்பட்டு, டைட்டிலில் அவர் பெயர் வந்தது. தேதியுள்ள பதிவு ஒன்று அவர் கையில் இருந்தது. படம் திரைக்கு வரும்வரை அவர் காத்திருக்கவும் இல்லை.

எனவே டீக்கடையில் ஒன்லைன் சொல்லிவிட்டு வராதீர்கள். முழுத் திரைக்கதையாக எழுதுங்கள். எழுதி முடித்ததுமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. என்றாலும் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்தால், எதிராளி மறுத்து நிரூபிக்கும்வரை அதுவே சான்று. எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கதையை யாருக்கு அனுப்பினாலும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். எதிராளி அதைப் படித்திருக்க வாய்ப்பிருந்தது என்பதையும் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கதையை விற்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுதான் செல்லும். விற்ற பிறகும் படைப்பாளி நான்தான் என்று உரிமை கோர 57ஆவது பிரிவு துணை நிற்கும்.

இழப்பீட்டு வழக்குக்கு மூன்றாண்டு கெடு. தெரிந்தே திருடியது நிரூபணமானால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு இல்லை.