அலை இயற்றியின் முகப்பில் உள்ள குமிழ்கள்

இசைக்கவையைத் தட்டினால் அது தனக்கென உள்ள ஒரே அதிர்வெண்ணில்தான் ஒலிக்கும். 512 ஹெர்ட்ஸ் கவையிடம் 600 ஹெர்ட்ஸ் கேட்டால் கிடைக்காது. வேண்டிய அதிர்வெண்ணை வேண்டியபோது பெற, ஆய்வகத்தில் உள்ள மின்னணு அலை இயற்றியை நாட வேண்டும். அதன் முகப்புப் பலகையைக் கண்டதும் சில மாணவர்கள் மலைத்து நிற்பதுண்டு; வேறு சிலரோ எல்லாக் குமிழ்களையும் ஒரு முறை திருகிப் பார்த்துவிடுவார்கள். இரண்டாம் வகையினரே விரைவில் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆயினும் கருவியுடன் வேறு எதையும் இணைக்காத வரைதான் அந்த விளையாட்டுக்கு இடம் உண்டு.

கருவிக்குள் நடப்பது என்ன? ஒரு மின்தேக்கிக்குள் மாறாத மின்னோட்டம் பாய்கிறது. அதன் மின்னழுத்தம் நேர்கோடாக ஏறுகிறது. ஒரு குறித்த அளவை எட்டியதும், ஒப்பிடும் சுற்று ஒன்று மின்னோட்டத்தைத் திசை திருப்பிவிடுகிறது. மின்னழுத்தம் அதே வேகத்தில் இறங்கி, கீழ் எல்லையைத் தொட்டதும் மீண்டும் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கமே முக்கோண அலை. ஒப்பிடும் சுற்று இரு நிலைகளுக்கு இடையே தாவிக்கொண்டிருக்கிறதல்லவா? அது சதுர அலை. முக்கோணத்தின் கூர்முனைகளை டையோடுகளைக் கொண்டு மழுக்கினால் கிடைப்பது சைன் அலை. முகப்பில் மூன்று அலைகளின் படங்களுடன் காணப்படும் பொத்தான்கள் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே.

முனை மழுக்கிச் செய்த சைன் அலை முற்றிலும் தூயதன்று. தூய சைன் அலைக்கு வேறு வகைச் சுற்று உண்டு. 1939-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹியூலெட் அமைத்த அலை இயற்றியில், அலையின் வீச்சைச் சீராக வைத்திருக்கும் பணியைச் செய்தது ஒரு சிறிய மின்விளக்கு! வீச்சு கூடினால் இழை சூடேறி அதன் தடை மிகும்; வீச்சு தானே அடங்கும். அந்த வகைக் கருவிகளில் எட்டினை வால்ட் டிஸ்னி நிறுவனம் ‘ஃபன்டாசியா’ திரைப்படத்தின் ஒலி வேலைக்காக வாங்கியது.

அதிர்வெண்ணை அமைக்க இரு கட்டுப்பாடுகள் உள்ளன. ‘100’, ‘1000’ என்று குறித்த வீச்செல்லைப் பொத்தான்கள் மின்தேக்கியை மாற்றுகின்றன. பெரிய குமிழ் மின்னோட்டத்தை மாற்றுகிறது. குமிழின் எண்ணைப் பொத்தானின் எண்ணால் பெருக்க வேண்டும். 100 பொத்தானை அழுத்திக் குமிழை 5.12-இல் வைத்தால் 512 ஹெர்ட்ஸ் கிடைக்க வேண்டும். ஆனால் 5.12 என்று அவ்வளவு நுட்பமாகக் குமிழில் படிக்க இயலுமா? இயலாது. ஐந்து சதவீதம் பிழை எளிதில் நேரும்.

அதனால் என்ன என்று எண்ணலாம். ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர். கருவி உண்மையில் தருவது 486 ஹெர்ட்ஸ், நீங்கள் நம்பியிருப்பது 512 என்றால், நீளங்களை எவ்வளவு கவனமாக அளந்தாலும் விடை சுமார் 368 என்று வரும். பிழை அளவுகோலில் இல்லை, குமிழில் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க இசைக்கவையே துணை. 512 ஹெர்ட்ஸ் கவையைத் தட்டி, ஒலிபெருக்கியின் அருகே பிடியுங்கள். வினாடிக்கு 4 விம்மல்கள் கேட்டால், கருவியின் அதிர்வெண் 508 அல்லது 516. எது? குமிழைச் சற்றே கூட்டுங்கள். விம்மல்கள் மெதுவானால் 508-தான். விம்மல் மறையும் வரை திருகினால் 512-க்கு வந்துவிட்டீர்கள்.

அடுத்தது வீச்சுக் குமிழ். எதை இணைப்பதற்கு முன்னும் இதைக் குறைந்த அளவில் வைத்துவிட்டு, பிறகு மெல்லக் கூட்டுவதே முறை. மிகச் சிறிய மின்னழுத்தம் வேண்டும்போது இக்குமிழை அடிமட்டத்திற்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கே கருவியின் சொந்த இரைச்சல் அலையோடு போட்டியிடும். இதற்கென்றே ‘20 டெசிபெல்’ என்ற மெலிவிப்பான் பொத்தான் உள்ளது. அது அலையையும் இரைச்சலையும் ஒருசேரப் பத்தில் ஒன்றாக்கும். இரு பொத்தான்கள் இருந்து இரண்டையும் அழுத்தினால் நூறில் ஒன்று: 1 வோல்ட் 10 மில்லிவோல்ட் ஆகும். நூறு மடங்கு பெருக்கும் டிரான்சிஸ்டர் பெருக்கியைச் சோதிக்க இதுவே பொருத்தம்.

நேர் மின்னழுத்தப் பெயர்ச்சிக் குமிழ் அலை முழுவதையும் மேலோ கீழோ நகர்த்தும். கருவியின் எல்லை கூட்டல் கழித்தல் 10 வோல்ட் என்றால், 8 வோல்ட் உச்சியுள்ள அலையை 5 வோல்ட் உயர்த்த முடியாது, தலை வெட்டுப்பட்டுவிடும். 5 வோல்ட்டில் இயங்கும் எண்முறை ஐ.சி.களுக்குச் சதுர அலை தரும்போது இக்குமிழில் மிகுந்த கவனம் தேவை. அவை 0 முதல் 5 வோல்ட் வரைதான் ஏற்கும். பெயர்ச்சி தராமல் கூட்டல் கழித்தல் 5 வோல்ட் அலையைச் செலுத்தினால் ஐ.சி. வீணாகக்கூடும். ‘டி.டி.எல்.’ என்று எழுதிய தனி வாயிலில் இருந்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வாயிலின் அருகே ‘50 ஓம்’ என்று எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது கருவியின் அகத்தடை. வெறுமையாக 10 வோல்ட் காட்டும் கருவியுடன் 50 ஓம் தடையை இணைத்தால், தடைக்குக் கிடைப்பது 5 வோல்ட். 8 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தாலோ 58-இல் 8 பங்கு, அதாவது 1.4 வோல்ட்டுக்கும் குறைவு. கருவி பழுதாகிவிட்டதென்று எண்ண வேண்டாம். ஓம் விதி வேலை செய்கிறது, அவ்வளவே.

இன்றைய எண்முறை அலை இயற்றிகளில் அதிர்வெண்ணை விசைகளால் தட்டி அமைக்கலாம். விம்மல் கேட்கத் தேவையில்லை. ஆனால் இந்த 50 ஓம் அங்கும் உண்டு. 50 ஓம் சுமை இணைக்கப்பட்டிருப்பதாகக் கருதியே அவற்றுள் பல மின்னழுத்தத்தைக் காட்டுகின்றன. திரையில் 5 வோல்ட் என்றிருக்க, அலைவு காட்டியில் 10 வோல்ட் தெரிந்தால், முதலில் கருவியின் சுமை அமைப்பைப் பாருங்கள்.