கிச்சன் மேடைக்கு கிரானைட்டா, மார்பிளா? எலுமிச்சை சாறே சொல்லிடும்!

வீடு கட்டும் பலருக்கும் வரும் குழப்பம் இது. கிச்சன் மேடைக்கு கிரானைட் போடுவதா, மார்பிள் போடுவதா? பாலிஷ் போட்டால் இரண்டுமே பளபளன்னுதான் இருக்கும். ஆனா, மார்பிள் மேல எலுமிச்சை சாறோ புளித்தண்ணியோ சிந்தி அப்படியே விட்டால், அந்த இடம் மங்கிடும். திரும்ப பாலிஷ் போட்டால்தான் சரியாகும். ஏன் இப்படி?

கல்லுக்குள் என்ன இருக்கு?

கனிமங்கள் சேர்ந்ததுதான் பாறை. மார்பிளில் பெரும்பாலும் இருப்பது கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். முட்டை ஓட்டில் இருப்பதும் இதுதான். அமிலம் பட்டால் கரையும். கிரானைட்டில் இருப்பது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். எலுமிச்சை சாறு இவற்றை ஒன்றும் செய்யாது.

கீறல் விழுமா?

கனிமங்களின் கடினத்தன்மையை அளக்க 1812-ல் ஃபிரெட்ரிக் மோஸ் என்பவர் ஓர் அளவுகோலை உருவாக்கினார். அதில் டால்க் 1, வைரம் 10. கால்சைட் 3, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சமையல் கத்தி சுமார் 5.5. அதனால கத்தி மார்பிளைக் கீறும், கிரானைட்டைக் கீறாது.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது?

பூமிக்கு அடியில் மாக்மா மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகினால் கிரானைட். இது தீப்பாறை. மெதுவாகக் குளிர்வதால்தான் அதில் பெரிய மணிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. கடலடியில் சிப்பி, கிளிஞ்சல்கள் படிந்து இறுகினால் சுண்ணாம்புக்கல். இது படிவுப் பாறை. நம்ம அரியலூரில் சிமென்ட்டுக்காக வெட்டுவது இதைத்தான். இதே சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கினால் மார்பிளாக மாறும். இது உருமாறிய பாறை. தாஜ்மஹாலுக்குப் போன மக்ரானா கல்லும் இந்த வகைதான்.

கடையில் எப்படி கண்டுபிடிப்பது?

ஒரு சாம்பிள் துண்டு கேட்டு வாங்குங்க. பாலிஷ் இல்லாத பின்பக்கத்தில் கத்தியால் கீறிப் பாருங்க. கோடு தெரிந்தால் உடனே முடிவு செய்யாதீங்க, நல்லா துடைச்சுப் பாருங்க. அழிந்துவிட்டால் அது கத்தியிலிருந்து ஒட்டிய இரும்புதான். பள்ளமாக நின்றால் கல் மென்மையானது. பிறகு, பாலிஷ் போட்ட பக்கத்தில் எலுமிச்சை சாறு ஊற்றி ஒரு ராத்திரி விடுங்க. காலையில் கழுவிப் பார்த்து மங்கலாக இருந்தால், அந்தக் கல் கிச்சனுக்கு வேண்டாம்.

மார்பிள்தான் பிடிச்சிருக்கா? பூஜை அறைக்கோ ஹாலுக்கோ தாராளமா போடலாம். புளியும் எலுமிச்சையும் தினமும் புழங்கும் மேடைக்கு கிரானைட்தான் சரி.