ஒப்பந்தத்தில் இல்லாத பெயர்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்வோர் கல்லாற்றில் சற்றுநேரம் வண்டியை நிறுத்தாமல் போவது அரிது. வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியாகிய இந்த ஆறு, உருண்டு வழவழப்பான கற்களின்மீது பெரும்பாலும் முழங்கால் அளவிலேயே ஓடுகிறது. இங்கிருந்து மலை உச்சி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றியுள்ள காடுகளில் காணிக்காரர் எனப்படும் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. பாபநாசம், பேச்சிப்பாறை மலைகளில் தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்த அதே காணிக்காரர்தாம். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மூலிகை வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மா இந்தக் கல்லாற்றுக் காட்டைச் சேர்ந்தவர்.

இந்த மலைத்தொடரில் விளையும் ஒரு சிறு செடியைப் பற்றி 1995-ஆம் ஆண்டில் ஓர் உரிம ஒப்பந்தம் எழுதப்பட்டது. பெரிய வணிகச் சட்ட நிறுவனங்களில் தொழில் பழகும் இளைஞர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுத எண்ணியபோது, அவர்கள் மேசைக்கு வரும் ஆயிரக்கணக்கான ஆவணங்களுக்கு எடுத்துக்காட்டாக நினைவுக்கு வந்தது அந்த ஒப்பந்தமே. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மேசையைப் பார்ப்போம்.

சட்டம் படித்தவர் என்றவுடன் கறுப்பு அங்கியும் நீதிமன்றக் கூடமும்தான் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால் மும்பை, டெல்லி, பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களின் பெரிய வணிகச் சட்ட நிறுவனங்களில் சேரும் இளையவர்களில் பலர், முதல் சில ஆண்டுகளில் நீதிமன்றப் படியை அபூர்வமாகவே மிதிக்கிறார்கள். நிறுவனங்களை வாங்குதல், விற்றல், கடன் பெறுதல், பங்கு வெளியிடுதல், உரிமம் வழங்குதல் ஆகியவற்றுக்கான ஆவணங்களைப் படிப்பதும் எழுதுவதுமே அவர்களுடைய தொழில். இங்கிலாந்தில் இவர்களுக்கு சொலிசிட்டர் என்று பெயர். அங்கே 1728-ஆம் ஆண்டுச் சட்டமே, இத்தொழிலுக்கு வருபவர் ஐந்தாண்டுகள் ஒருவரிடம் எழுத்தராக ஒப்பந்தம் செய்துகொண்டு பழக வேண்டும் என்று விதித்தது. பழகுவதற்குப் பணமும் கொடுக்க வேண்டியிருந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் நாயகன் டேவிட் காப்பர்ஃபீல்டு ஒரு சட்ட அலுவலகத்தில் சேர்வதற்கு அவனுடைய அத்தை ஆயிரம் பவுன் கட்டுகிறாள். இன்று நிலைமை தலைகீழ். நிறுவனமே பயிற்சியாளருக்குச் சம்பளம் தருகிறது. இரண்டாண்டுப் பயிற்சியை ஆறாறு மாதங்களாகப் பிரித்து நான்கு துறைகளில் அமர்த்துவது அங்கே நெடுநாள் வழக்கம்.

இந்தியாவில் வழக்குரைஞர், அட்டர்னி என்ற இருவகைப் பிரிவு பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களில் நீண்டகாலம் நிலைத்திருந்தது. 1976-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் அது முடிவுக்கு வந்தது. ஆயினும் மும்பையில் ஒரு மரபு அறுபடவில்லை. 1894-இல் தோன்றிய பாம்பே இன்கார்ப்பரேட்டட் லா சொசைட்டி இன்றும் சொலிசிட்டர் தேர்வை நடத்துகிறது. தேர்வெழுத வேண்டுமானால் ஒரு சொலிசிட்டரிடம் மூன்றாண்டு ஆர்ட்டிகிள்ஷிப் முடித்திருக்க வேண்டும். சட்டப்படி இந்தப் பட்டம் இன்று கட்டாயமில்லை. பார் கவுன்சிலில் பதிவு செய்த எவரும் அதே வேலையைச் செய்யலாம். இருந்தும், பகல் முழுதும் அலுவலக வேலை, இரவில் தேர்வுக்கான படிப்பு என்று அந்த மூன்றாண்டுகளைக் கழிக்க இன்றும் இளைஞர்கள் முன்வருகிறார்கள். 1830-இல் தொடங்கிய கிராஃபோர்டு பேய்லி, 1917-இல் தொடங்கிய அமர்சந்த் போன்ற பழம்பெரும் நிறுவனங்கள் வளர்ந்த ஊர் அல்லவா அது.

பயிற்சியாளரின் அன்றாடம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்கும் நிறுவனத்தின் எல்லா ஆவணங்களும் டேட்டா ரூம் எனப்படும் கணினிப் பெட்டகத்தில் ஏற்றப்படுகின்றன. குத்தகைகள், கடன் பத்திரங்கள், பணியாளர் ஒப்பந்தங்கள், உரிமங்கள் எனப் பல நூறு கோப்புகள். அவற்றைத் தலைமுதல் கால்வரை படித்து ஓர் அட்டவணையில் நிரப்பும் வேலை, அணியிலேயே வயதில் இளையவருக்குப் போகிறது. ஒப்பந்தத் தரப்பினர் யார், காலம் எவ்வளவு, நிறுவனம் கைமாறினால் இது நிலைக்குமா, யாருடைய முன்அனுமதி வேண்டும், முத்திரைத் தீர்வை சரியாகச் செலுத்தப்பட்டதா என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். எந்த வாடிக்கையாளருக்காக எத்தனை நிமிடம் உழைத்தார் என்ற கணக்கையும் நாள்தோறும் பதிய வேண்டும். பல வெளிநாட்டு நிறுவனங்களில் அந்தக் கணக்கு ஆறு நிமிடக் கூறுகளாக ஓடுகிறது.

சலிப்பூட்டும் வேலை என்பதை மறைப்பானேன்? ஐந்தாண்டு சட்டப் படிப்பில் அரசமைப்புச் சட்டத்தையும் பெரிய தீர்ப்புகளையும் விவாதித்துவிட்டு வந்தவருக்கு, நள்ளிரவில் எண்பதாவது குத்தகைப் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் தேதி விடுபட்டிருப்பதைக் குறித்துக்கொள்வது உவப்பான செயலாக இராது. பெற்றோருக்கும் இது விளங்குவதில்லை. "எந்த வழக்கில் வாதாடினாய்?" என்று ஊரில் கேட்டால் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

இவர்களாவது மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். நீதிமன்றத்தை நம்பி மூத்த வழக்குரைஞரிடம் சேரும் இளையவர்களுக்கு அதுவும் உறுதியில்லை. 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்குரைஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் மாதம் 20,000 ரூபாயும் ஏனைய ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கிடைக்க வழிசெய்யுமாறு தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களுக்கு 20,000, கிராமப்புறங்களுக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பெரிய நிறுவனங்களின் வாசலில் ஏன் இத்தனை கூட்டம் என்பதற்கு இந்த எண்களே போதிய விளக்கம்.

வங்கி வாடிக்கையாளர்கள் இந்த வேலையின் சிறிய வடிவத்தை நேரில் கண்டவர்களே. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறார்கள். வில்லங்கச் சான்று கேட்கிறார்கள். முன்பு அந்த மனைக்கு உரியவராக இருந்தவரின் வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டார்களா என்று துருவுகிறார்கள். "வாங்கியவன் நான், விற்றவர் அவர், நடுவில் இதெல்லாம் எதற்கு?" என்று நமக்குச் சினம் வருகிறது. கையொப்பமிடாத ஒரு மகள் பதினைந்து ஆண்டுகள் கழித்து வழக்குத் தொடுத்தால்தான் அதன் காரணம் புரியும். வணிகச் சட்ட நிறுவனத்திலும் இதுவே நடக்கிறது, அளவுதான் பெரிது. முத்திரைத் தீர்வை செலுத்தாத ஆவணத்தை, தீர்வையும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு அது. ஒரு நிறுவனம் வங்கிக்குக் கொடுத்த பிணையத்தை 30 நாள்களுக்குள் நிறுவனப் பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம். இந்த 30-ஐ நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு மூத்தவரை நினைவூட்டுபவரும் பயிற்சியாளரே.

இனிக் கல்லாற்றுப் பக்கம் திரும்பலாம். 1987 டிசம்பரில் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுப் பயணம் மேற்கொண்ட அறிவியலாளர் குழுவுக்குக் காணிக்காரர் சிலர் வழிகாட்டினர். ஆய்வாளர்கள் களைத்துப்போன இடத்திலும் வழிகாட்டிகள் சோர்வின்றி நடந்தார்கள். அவர்கள் அவ்வப்போது மென்ற சிறு காய்களே காரணம் என்று தெரியவந்தது. அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. கல்லாற்றிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பாலோட்டில் இயங்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆராய்ந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். அதற்குமேல் விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இரண்டிலும் பாதியைக் காணிக்காரருக்கு வழங்குவதென ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்தது. அப்படிக் கொடுக்க வேண்டும் என்று அன்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பின்னாளில் உலகெங்கும் பாராட்டப்பட்ட ஏற்பாடு அது. 2002-இல் ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் பரிசும் கிடைத்தது.

ஒரு பயிற்சியாளர் இந்த ஆவணத்தைத் தம் அட்டவணையில் நிரப்ப உட்கார்ந்தால் முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிடும். தரப்பினர் யார்? ஆராய்ச்சி நிறுவனம் ஒருபுறம், மருந்து நிறுவனம் மறுபுறம். அறிவைத் தந்த மக்களின் பெயர் கையொப்பப் பக்கத்தில் இல்லை. அவர்களுக்கு வரும் பங்கு ஒப்பந்த உரிமையன்று, கொடுப்பவரின் நல்லெண்ணம். கொடுக்க நினைத்தாலும் யாரிடம் கொடுப்பது? பணத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டிய காணிக்காரர் நல அறக்கட்டளை பதிவானதே 1997 நவம்பரில்தான். அந்த அறக்கட்டளையும் எல்லாக் காணிக்காரருக்கும் பொதுவானதாக ஏற்கப்படவில்லை. குற்றிச்சல் பஞ்சாயத்துப் பகுதியில் இருந்தவர்கள் முயற்சியோடு நெருக்கமாக இருந்தார்கள். கல்லாறு அடங்கிய விதுராப் பகுதியிலும் பெரிங்ஙம்மலையிலும் இருந்தவர்கள் தங்களைக் கேட்கவில்லை என்று குறைப்பட்டார்கள். பிலாத்தி எனப்படும் மூத்த வைத்தியர்கள் சிலர், தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்து 1995-இலேயே மாநில முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு சமூகத்தின் சார்பில் கையொப்பமிட உரிமை உள்ளவர் யார் என்ற கேள்விக்கு, வாரிசுச் சான்றிதழ் போல ஒரு தாளைக் காட்டிவிட முடியாது.

முன்அனுமதி என்ற கட்டமும் காலியாகவே இருந்தது. செடி காட்டில் விளைவது. காடு வனத்துறையின் பொறுப்பில் இருப்பது. காணிக்காரர் சிலர் செடியைப் பயிரிட்டு மருந்து நிறுவனத்துக்கு இலை விற்கத் தொடங்கியதும், காட்டிலிருந்து செடிகள் பிடுங்கப்படுகின்றன என்று வனத்துறை தடுத்தது. மருந்துக்குத் தேவை இருந்தது, வாங்க ஆள் இருந்தார், விளைவிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். இலை மட்டும் மலையிலிருந்து இறங்க வழியில்லை. பயிரிட்டவர்களின் வருமானமும் அத்தோடு நின்றது. எங்கள் அலுவலக மொழியில் சொன்னால், கடனுக்கு ஒப்புதல் கிடைத்தும் பணம் கணக்கில் ஏறாத நிலை. கடன் ஒப்பந்தங்களில், பணம் வழங்குமுன் நிறைவேற வேண்டிய நிபந்தனைகள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் குறியிடுவது பயிற்சியாளரின் வேலை. 'வனத்துறை அனுமதி' என்ற ஒரு வரி அத்தகைய பட்டியலில் இருந்திருந்தால், முதல் மாதத்திலேயே அதைப் பற்றி யாராவது கேட்டிருப்பார்கள்.

மருந்தின் பெயரும் தப்பவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று 'ஜீவனி' என்பதைத் தன் நாட்டில் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது. ஏழாண்டு உரிமக் காலமும் கடந்து போயிற்று.

அன்றைய அறிவியலாளர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. முன்மாதிரி எதுவும் இல்லாமல் எழுதியவர்கள் அவர்கள். 2002-இல் இயற்றப்பட்ட உயிரியல் பல்வகைமைச் சட்டமும், 2003-இல் சென்னையில் அமைந்த தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையமும் பிற்பாடு வந்தவை. இப்போது இந்திய உயிர்வளத்தை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோருபவர், வெளிநாட்டவராயின் அந்த ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும், இந்தியராயின் ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். எனவே மருந்து, அழகுசாதன, விதை நிறுவனங்களின் கோப்புகளைப் புரட்டும் இன்றைய பயிற்சியாளரின் அட்டவணையில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. 2023-இல் வந்த திருத்தம் ஆயுஷ் மருத்துவர்களுக்கும் நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கும் சில விலக்குகளை அளித்திருக்கிறது. ஓலையிலோ நூலிலோ ஏறாமல் வாய்வழியே வந்த காட்டறிவு அந்த விலக்குக்குள் வருமா என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரும்படி மூத்தவர் கேட்பார். வெள்ளிக்கிழமை மாலை கேட்டு, திங்கள் காலைக்குள் வேண்டும் என்பார். அந்த வழக்கம் எந்தச் சட்டத்தாலும் மாறவில்லை.

ஆணையத்துக்கு அளிக்கும் விண்ணப்பத்தில் உயிர்வளம் எங்கே கிடைக்கிறது என்று ஒரு கேள்வி உண்டு. அதோடு தொடர்புடைய மரபறிவைக் கொண்டிருக்கும் தனிநபர் அல்லது சமூகம் யார் என்றும் கேட்கப்படுகிறது. முதல் கேள்விக்கு நிறுவனத்தின் கோப்பிலிருந்தே விடை எழுதிவிடலாம். இரண்டாவதற்குக் குளிரூட்டிய அறையிலிருந்து விடை கிடைப்பதில்லை. கண்ணாடிக் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் அமர்ந்திருக்கும் பயிற்சியாளர், அதற்காக யாரையாவது தொலைபேசியில் பிடிக்க வேண்டும். அதிலும் தெளியாவிட்டால், விதுரா செல்லும் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வேண்டும்.