நம்மைப் பராமரித்தோருக்கு நன்றி செலுத்துவோம்





மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்த ஓர் இளைஞனைச் சற்று எண்ணிப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்தால் அது பொருந்தி உறுதி பெற மூன்று, நான்கு மாதங்கள் செல்லும். சிலருக்கு அதைவிடவும் நீளும். அந்நாட்களில் அவன் வுழூச் செய்யத் தண்ணீரை ஒருவர் கொண்டு வர வேண்டும். மலசலகூடத்திற்குச் செல்ல ஒருவரது தோள் வேண்டும். இரவில் வலி கூடும்போது எழுந்து வந்து காலின் கீழ்த் தலையணையைச் சரி செய்ய ஒருவர் விழித்திருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் அவனது உம்மாவாகவோ, மனைவியாகவோ, ராத்தாவாகவோதான் இருப்பார்.

வலி மனிதனின் பொறுமையைக் குறைத்து விடுகிறது. பார்க்க வந்த விருந்தினருக்குப் புன்னகையோடு நன்றி கூறும் அதே நாவு, கஞ்சி ஆறிவிட்டது என்று உம்மாவின் மீது சீறுகிறது. ஒரு நாள் வந்து போனவர் நினைவில் நிற்கிறார். தொண்ணூறு நாட்கள் உறக்கமிழந்தவர் கண்ணில் படுவதில்லை. “அது அவர்களுடைய கடமைதானே” என்ற எண்ணம் நம்மை அறியாமலே உள்ளத்தில் குடிகொள்கிறது. இந்நிலை நீடித்தால் எலும்பு பொருந்திய பின்னரும் உறவில் விழுந்த வெடிப்புப் பொருந்தாது.

மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் போதித்ததை அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். சுகமடைந்ததற்காக “அல்ஹம்துலில்லாஹ்” என்று கூறும் நாம், அந்தச் சுகம் எவருடைய கைகள் வழியாக நம்மை வந்தடைந்ததோ அவர்களை மறந்து விடலாகாது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். “எனக்கு எதற்கு நன்றி? நீ சுகமானால் அதுவே போதும்” என்றுதான் பராமரிப்பவர் சொல்கிறார், பின்னர் ஏன் அன்பளிப்பு? ஏழைகளுக்கு உணவளித்து விட்டுப் பிரதிபலனையோ நன்றியையோ எதிர்பாராத நல்லடியார்களை அல்குர்ஆனின் 76ஆவது அத்தியாயமான ஸூரா அல்இன்ஸான் புகழ்கிறது. எதிர்பாராமல் இருப்பது உபகாரம் செய்தவரின் சிறப்பு. அதனால் உபகாரம் பெற்றவரின் கடமை நீங்கி விடுவதில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்பளிப்பை ஏற்றுக் கொள்வார்கள், அதற்குப் பகரமாக ஏதேனும் வழங்கவும் செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

ஸஹ்ல் பின் ஸஃத் (ரழி) அவர்கள் அறிவித்த இரண்டு செய்திகளை இங்கு நினைவு கூர்வது பொருத்தமாகும். இரண்டும் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றவை. முதலாவது, ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹுதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் முகத்தில் காயம் ஏற்பட்டபோது நிகழ்ந்தது. மகள் பாத்திமா (ரழி) அவர்கள் இரத்தத்தைக் கழுவ, மருமகன் அலி (ரழி) அவர்கள் தமது கேடயத்தில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார்கள். இரத்தம் நிற்காதபோது பாயின் ஒரு துண்டை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள். பராமரிப்பு வீட்டாரின் கைகளிலிருந்தே தொடங்குகிறது என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாவது செய்தி அன்பளிப்புப் பற்றியது. ஒரு பெண்மணி கரை வைத்த ஒரு போர்வையைக் கொண்டு வந்து, அதைத் தாமே தமது கையால் நெய்ததாகக் கூறி நபியவர்களுக்கு வழங்கினார். நபியவர்கள் அதைத் தமக்குத் தேவையான ஒன்றாகவே ஏற்று அணிந்து கொண்டார்கள். அப்பெண்மணியின் பெயரை அச்செய்தி குறிப்பிடவில்லை. ஆயினும் அவர் தம் கையால் நெய்தார் என்ற விபரம் மறக்கப்படாமல் நம்மை வந்தடைந்திருக்கிறது. கடையில் வாங்கும் பொருளில் நமது பணம் இருக்கிறது. கையால் செய்த பொருளிலோ நமது நேரமும் நினைவும் இருக்கின்றன.

தொழிலுக்குச் செல்ல முடியாமல் படுத்திருப்பவர் கடன்பட்டு விலையுயர்ந்த பொருள் வாங்க வேண்டியதில்லை. அண்டை வீட்டார் தருவது ஆட்டின் குளம்பாக இருப்பினும் அதை அற்பமாகக் கருதலாகாது என்பது நபிமொழியின் கருத்தாகும்.

அவ்வாறாயின் எதைச் செய்யலாம்? கால் முறிந்தவருக்குக் கைகள் இருக்கின்றன. மணிகளைக் கோத்து உம்மாவுக்கு ஒரு தஸ்பீஹ் மாலை செய்யலாம். நூலால் தொப்பி பின்னத் தெரிந்தவர் வாப்பாவுக்கு ஒன்று பின்னலாம். கண் பார்வை மங்கிய மூத்தம்மாவுக்கு, பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுக்கலாம். மருதமுனை போன்ற நெசவூர்களில் மிஞ்சும் துணித் துண்டுகளைக் கொண்டு ஒரு கைப்பை தைக்கலாம். கை முறிந்தவர் மற்றக் கையால் நான்கு வரிக் கடிதமேனும் எழுதலாம். எழுத்துக் கோணலாக இருந்தால் அதுவே அவரது முயற்சிக்குச் சாட்சி. காயமுற்ற கையைப் பயன்படுத்துவதாயின், வைத்தியரிடமோ உடற்பயிற்சிச் சிகிச்சை அளிப்பவரிடமோ கேட்டுக் கொண்டே செய்ய வேண்டும்.

கடிதம் எழுதும்போது, “எல்லாவற்றுக்கும் நன்றி” என்று பொதுவாக முடித்து விடாதீர்கள். “முதல் வாரம் முழுவதும் நீங்கள் கதிரையிலேயே உறங்கினீர்கள், உம்மா” என்று எழுதுங்கள். தாம் செய்தது பார்க்கப்பட்டது என்று அறியும்போதே களைத்த உள்ளம் ஆறுதல் அடைகிறது.

சில விடயங்களில் கவனமும் தேவை.

முதலாவது, அன்பளிப்பு பராமரிப்பவரின் வேலையைக் கூட்டக் கூடாது. மனைவிக்கு வட்டிலப்பம் செய்து கொடுக்கிறேன் என்று அவரையே தேங்காய் துருவ வைத்து, பாத்திரமும் கழுவ வைப்பது அன்பளிப்பாகாது.

இரண்டாவது, கடன் வேறு, அன்பளிப்பு வேறு. வைத்தியசாலைக்குச் செல்ல முச்சக்கரவண்டிக் கூலியை அயலவர் கடனாகத் தந்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுப்பதே முதற்கடமை. ஒரு தட்டுத் தொதல் அக்கடனை அடைத்து விடாது.

மூன்றாவது, அரசாங்க வைத்தியசாலையின் தாதியர், சிற்றூழியர் பற்றியது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர், சிலவற்றைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு எனக் கூறியபோது, அவர் தம் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அவை அவரைத் தேடி வந்திருக்குமா என நபி (ஸல்) அவர்கள் வினவிக் கண்டித்தார்கள். எனவே விசேட கவனிப்பைப் பெறும் நோக்கில் எதையும் கொடுத்தல் ஆகாது. வீடு திரும்பிய பின்னர், விடுதியில் உள்ள அனைவருக்கும் பொதுவாக, கையால் எழுதிய ஒரு நன்றி மடலை அனுப்புவது பேணுதலானது. அங்கு பணிபுரிவோரில் பலர் சிங்களச் சகோதரிகள். அவர்களது மொழியிலேயே இரண்டு வரி எழுதக் கற்றுக் கொள்ளுங்கள். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) அவர்கள் தமது வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அயலவருக்கும் அனுப்பினீர்களா என்று விசாரித்தார்கள். நன்மை செய்வதில் மதம் ஒரு வேலியல்ல.

பெற்றோர்களே! கையில் பிளாஸ்டர் போட்டிருக்கும் உங்கள் சிறு பிள்ளைக்காக நீங்களே கடையில் அன்பளிப்பு வாங்கிக் கொடுத்து விடாதீர்கள். பாடக் கொப்பிகளை எழுதிக் கொடுத்த வகுப்புத் தோழனுக்கு, அப்பிள்ளை தானே ஒரு படம் வரைந்து கொடுக்கட்டும். பெறுவதை மட்டுமே அறிந்து வளரும் பிள்ளை, நாளை நீங்கள் படுக்கையில் இருக்கும்போது கொடுக்க அறியாது.

எதையும் செய்ய இயலாத அளவுக்குப் பலவீனமாக இருப்பவர் என்ன செய்வார்? உபகாரத்திற்கு ஈடு செய்ய முடியாதவர் துஆச் செய்யட்டும் என்ற வழிகாட்டல் உண்டு. அல்லாஹ் உமக்கு நற்கூலி வழங்குவானாக என்ற பொருள்படும் “ஜஸாகல்லாஹு கைரா” என்பதைக் கூறியவர் நிறைவாகவே பாராட்டி விட்டார் என்ற கருத்தைத் திர்மிதியில் இடம்பெறும் ஹதீஸ் தருகிறது. அதைப் பழக்கத்தால் உதட்டில் உதிராமல், முகம் பார்த்து, பெயர் சொல்லிக் கூறுங்கள்.

இன்று உங்கள் வீட்டில் காயமுற்று இருப்பவர் நீங்களாயின், இந்த வாரத்திற்குள் ஒருவரைத் தெரிவு செய்து ஒரு சிறு பொருளைச் செய்யத் தொடங்குங்கள். மிக அருகில் இருப்பவரிடமிருந்தே ஆரம்பியுங்கள்.

நோயுற்றோருக்குப் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்கு நிறைவான கூலியையும், நம் அனைவருக்கும் நன்றியுள்ள உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.